ஐப்பசிக்கு எண்ணூற்று இருபத்து நான்கு

கிளார்க் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உபயோகப்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியவனிடம் சொல்ல நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஃபைல் கட்டுவது, டிராஃப்ட் எழுதுவது, இன்ஸ்பெக்ஷன் வந்தால் சமாளிப்பது, இதெல்லாம் ஆறு மாதத்தில் தானாகவே வந்துவிடும். நான் எழுத வேண்டியது வேறு ஒன்று. அதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1. முதல் நாள்

1947 ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்று வேலையில் சேர்ந்தேன். நாகர்கோவிலிலிருந்து தோவாளை போகும் வழியில் எங்கள் லுத்தரன் சபை நடத்திய சிறிய கல்லூரி. கல்லூரி என்று பெயரே தவிர, இன்டர்மீடியட் இரண்டு வகுப்பும் அதை ஒட்டி ஒரு ஹைஸ்கூலும்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆபீஸ். அதில் ஒரு ஹெட் கிளார்க், ஒரு ஜூனியர் கிளார்க். ஜூனியர் நான். ஊர் கருங்கல் பக்கம், வயது இருபத்தொன்று. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

ஹெட் கிளார்க் மாசிலாமணி அண்ணாச்சி என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பெரிய ரிஜிஸ்தர் ஒன்றை முன்னால் தள்ளினார்.

"ஏலே தாசா, இதாக்கும் அட்மிஷன் ரிஜிஸ்தர். பிள்ளைக்க பேரு, அப்பன் பேரு, ஊரு, பிறந்த தேதி. அடிச்சுத் திருத்தாம எழுதணும், கேட்டியா? நான் பிரின்சிபல் ரூம் வரைக்கும் போயிட்டு வாறேன்."

எங்கள் சபைப் பிள்ளைகள் என்றால் தொல்லை இல்லை. பாஸ்டர் கையெழுத்துப் போட்ட ஞானஸ்நானச் சர்டிபிகேட் கொண்டுவருவார்கள். அதில் இங்கிலீஷ் தேதியே இருக்கும், பார்த்து எழுதிவிடலாம். இந்துப் பிள்ளைகளுக்கு ஓலைச் சாதகம். அதில் கொல்லம் ஆண்டு இருக்கும். அன்றைக்கு நம் தாலுகாக்களெல்லாம் திருவிதாங்கூரில் இருந்ததால் பத்திரத்திலிருந்து கல்யாணக் கடிதாசி வரைக்கும் கொல்லம் ஆண்டுதான் புழக்கம். ரிஜிஸ்தரில் மட்டும் அதை இங்கிலீஷ் ஆண்டாக மாற்றி எழுத வேண்டும்.

எத்தனை கூட்ட வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கலாம். முதல் நாளே கேட்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். நடப்புக் கொல்லம் ஆண்டு 1122, இங்கிலீஷ் ஆண்டு 1947. கழித்தால் 825. அவ்வளவுதானே என்று எழுதத் தொடங்கினேன்.

ஓலையோடு முதலில் வந்தவர் மாதேவன் பிள்ளை. தோவாளைக்குப் பக்கத்தில் நெல்லும் கொஞ்சம் பிச்சிப்பூவும் பயிரிடுகிறவர். மஞ்சள் துணியில் சுற்றிய ஓலையை மேஜையில் வைத்தார். பக்கத்தில் அவர் மகள், எண்ணெய் வழிய இரட்டைச் சடை.

"சாரே, எனக்க மவ பகவதிக்குள்ள சாதகமாக்கும். ஐப்பசி மாசம். பாத்து எழுதிக்கிடுங்க."

எழுதினேன். அந்தப் பெண் நான் எழுதுவதை எதிர்ப்பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் இங்கிலீசுல எந்த மாசம் பிறந்தேன்?"

"அக்டோபர்."

"அப்பா, நான் அக்டோபராக்கும்," என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாள். எந்த ஆண்டு என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் இன்னும் சில பேரை எழுதியிருப்பேன், அண்ணாச்சி திரும்பி வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார். அப்போதே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, காலண்டரப் பாத்தா கணக்குப் போட்ட? கொல்லம் ஆவணியில பொறக்குது, இங்கிலீசு ஜனவரியில பொறக்குது. ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் பொறந்தவனுக்கு எண்ணூத்தி இருபத்து நாலு. மத்தவனுக்குத்தான் இருபத்தஞ்சு. இது தெரியாமயா வேலைக்கு வந்த?"

காது சுட்டது. அந்தப் பக்கத்தில் மூன்று பேருடைய ஆண்டைத் திருத்தினேன். மூன்றுக்கும் அண்ணாச்சி இனிஷியல் போட்டார். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் பகவதி ஒருத்திதான் ஓலைக்காரி. ஐப்பசிக்கு நான் 825 கூட்டியது அப்படியே நின்றது. அவள் வயதில் ஒரு வருஷம் குறைந்துவிட்டது.

2. பகவதி

அவள் படித்த ஆறு வருஷமும் எனக்குத் தெரியும். காலையில் தோவாளையிலிருந்து வரும் பஸ்ஸில் பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவாள். பின்னால் இன்டர்மீடியட்டில் நேச்சுரல் சயன்ஸ் எடுத்தாள். அந்தக் குரூப்பில் பெண்கள் மூன்றே பேர். லேப் எங்கள் ஆபீஸுக்கு அடுத்த அறை. அறுப்பதற்கு வைத்திருக்கும் தவளைகளை ஒரு மண்பானையில் போட்டு வராந்தாவில் வைத்திருப்பார்கள். ஒருநாள் ஒரு தவளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சார், உங்க மணிக்கூட்ட ஒரு நிமிசம் பாத்துக்கிடட்டா? இதுக்க தொண்ட எத்தன தடவ துடிக்குன்னு எண்ணணும்."

எண்ணி முடித்துவிட்டு, "சார், நீங்களும் எண்ணினீங்களா? எவ்வளவு வந்து?" என்று கேட்டாள். நான் எண்ணவில்லை. அவள் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். ஒரு தடவையில் வருவதை நம்பமாட்டாள். இந்தக் குணம் கிளார்க்காகிய எனக்கு இருந்திருக்க வேண்டியது.

இடையில், பிறந்த தேதியும் மார்க்கும் பதிகிற எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் புத்தகத்தை எழுதிய வருஷம், பிழையைப் பிடிக்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. பிறந்த தேதியைப் பெற்றவர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ரிஜிஸ்தரைப் பார்த்து எழுதி, மாதேவன் பிள்ளைக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டினேன்.

"மாசம் ஐப்பசிதானே சாரே?"

"ஆமா, ஐப்பசிதான்."

"அப்பம் செரி," என்று கையெழுத்துப் போட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மகள் பிறந்த கொல்லம் ஆண்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இங்கிலீஷ் ஆண்டு அவருக்கு எதற்கு?

1953-இல் இன்டர்மீடியட் ரிசல்ட் வந்தபோது பகவதி நேச்சுரல் சயன்ஸில் யூனிவர்சிட்டியிலேயே முதலாவதாக வந்திருந்தாள். எங்கள் கல்லூரிப் பெயர் பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை. மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டாள். பதினேழு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று பாரத்தில் போட்டிருந்தது. "வயசு என்ன பிள்ளே?" என்று கேட்டேன். "பதினேழு முடிஞ்சாச்சு சார்," என்றாள். பதினேழு என்று டைப் அடித்தேன். அடுத்த கட்டத்தில் புத்தகத்தைப் பார்த்துப் பிறந்த தேதியை அடித்தேன். இரண்டுக்கும் நடுவில் அரை அங்குலம்கூட இல்லை. கழித்துப் பார்க்கவில்லை.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எடுத்துவிட்டதாகத் தந்தி வந்தது. பிரின்சிபல் ஞானாபரணம் ஐயா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வகுப்பு வகுப்பாகப் போய்ப் படித்துக் காட்டினார். அவர் இந்தியரில் முதல் பிரின்சிபல். அவருக்கு முன்னால் எல்லோரும் வெள்ளைக்காரத் துரைமார். இந்த ஆளால் கல்லூரியை நடத்த முடியுமா என்று மிஷன் போர்டில் சிலர் பேசிக்கொண்டிருந்த காலம். டிகிரி வகுப்பு கொடுப்பதா, கல்லூரியையே மூடி ஹைஸ்கூலோடு நிறுத்துவதா என்று முடிவு செய்யப் போர்டார் இரண்டு பேர் கல்லூரி நாளுக்கு வருவதாக எழுதியிருந்தார்கள்.

"தாசன், காட்டுகதுக்கு நம்மட்ட என்ன இருக்கு? கட்டடம் இல்ல, லைப்ரரி இல்ல. பகவதி இருக்கா. அது போதும்," என்றார் ஐயா.

3. கல்லூரி நாள்

எங்கள் கல்லூரி நாள் ரிசல்ட்டுக்குப் பிறகு ஜூலை மாதத்தில்தான் வரும். ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆராதனை, பிறகு கொடி பிடித்து ரோட்டில் ஊர்வலம், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் கயிறு இழுப்பு. பகல் அசனம். எங்கள் சபையாருக்கு அசனம் என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சுற்று ஊர் இந்துக் குடும்பங்களும் வந்து உட்காருவார்கள். யாருக்கு யார் பக்கத்தில் இலை என்று அன்று ஒருவரும் பார்ப்பதில்லை. மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம்.

அந்த வருஷம் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தோவாளையிலிருந்து கூடை கூடையாகப் பூ வந்தது. யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே கொண்டுவந்தார்கள். மாதேவன் பிள்ளை புது வேட்டி உடுத்து, கேட்டில் நின்று வருகிறவர்களையெல்லாம் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாரலாக மழை விழுந்தது. பின்கட்டில் பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் பாயசம் கொதித்தது. மாசிலாமணி அண்ணாச்சி அதற்கு முந்தின வருஷமே ரிடையர் ஆகிவிட்டதால் ஆபீஸுக்கு நான்தான் ஹெட். ஆபீஸைத் திறந்து வைத்துவிட்டுக் கயிறு இழுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார்.

4. தபால்

தபால் வந்தால் முதலில் தேதி முத்திரையைக் குத்திவிட்டுத்தான் பிரிப்போம். கைப்பழக்கம். அன்றும் குத்தினேன். மூன்றாவது கவர் மருத்துவக் கல்லூரியிலிருந்து பிரின்சிபலுக்கு. விண்ணப்பத்தில் வயது பதினேழு, புத்தகத்தில் உள்ள தேதிப்படி பதினாறுதான் ஆகிறது. புத்தகத்தில் பிழை இருந்தால், தாசில்தார் அத்தாட்சி செய்த ஆதாரத்தோடு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வரவும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும்.

அட்மிஷன் ரிஜிஸ்தர்களை அடுக்கிய அலமாரியைத் திறந்தேன். என் கையெழுத்தில், நான் வேலைக்குச் சேர்ந்த நாளின் முதல் பக்கம். மறுபக்கத்தைத் திருப்பினால் மூன்று திருத்தம், மூன்று இனிஷியல். இந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. இனிமேல் நடந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மணி பத்தேகால். மாதேவன் பிள்ளை கேட்டில் நிற்கிறார். அவர் வீட்டிலிருந்து ஓலையை எடுத்துவர ஒரு மணி நேரம். தாலுகா ஆபீஸ் சைக்கிள் மிதிக்கும் தூரம், தாசில்தார் சாயந்திரம் ஐந்து மணி வரை இருப்பார். மிஷன் கார் பந்தலுக்குப் பின்னால் நிற்கிறது. மருத்துவக் கல்லூரி இருந்த பட்டணத்துக்குக் காரில் இரண்டரை மணி நேரம். இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை கதவு திறக்கும்போதே வாசலில் நிற்கலாம். இவ்வளவும் எனக்கு ஒரு நிமிஷத்தில் ஓடிவிட்டது. எனக்குத்தான் கணக்கு நன்றாக வருமே.

அதே நிமிஷத்தில் இன்னொன்றும் ஓடியது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் எழுதியது என்று கேட்பார்கள். போர்டார் முன்னால் கேட்பார்கள். பொதுக்கூட்டம் நின்றுபோகும். ஐயா தலை குனிவார். கல்லூரி மூடிப் போனால் இவனால் என்பார்கள். மாதேவன் பிள்ளை இத்தனை ஊர்க்காரர் நடுவில் என் சட்டையைப் பிடிப்பார். வேலை போகும். அந்த வருஷம் எனக்கு மூத்த பெண் பிறந்திருந்தாள்.

கவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பிரின்சிபலைத் தேடிப் போனேன். போர்டாரை லேப்புக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு தபால் வந்திருக்கு..."

"நல்ல சேதின்னா இப்பச் சொல்லும் தாசன். மத்ததெல்லாம் நாளைக்கு. இன்னைக்கு ஒரு நாளு என்ன விட்டுரும்," என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஐயாவே சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. "பகவதிக்க சீட் போகுது ஐயா" என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போட்ட மாலையோடு காரில் ஏறியிருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

அசனத்தில் மாதேவன் பிள்ளை என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "நம்ம சாராக்கும் இவளுக்கு மொதல் நாளு பேரு எழுதினது," என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். நான் சாப்பிட்டேன். பாயசமும் குடித்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இறங்கியது.

மூன்று மணிக்குக் கூட்டம். ஐயா வருஷ அறிக்கை படித்தார். பகவதியின் பெயர் வந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. போர்டாரில் ஒருவர் எழுந்து மாலை போட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஆறு வருசமா பூக்கூடைக்காரங்க எனக்கு பஸ்ஸுல எடம் போட்டு வச்சாங்க. நான் ஆஸ்பத்திரி வச்சா அவங்க யாரும் வரிசையில நிக்க வேண்டாம். நேரா உள்ள வந்துரலாம்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற பூக்காரர்கள் விசில் அடித்தார்கள். நான் முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, பையில் கவரோடு, கைதட்டினேன். அப்போது மணி நாலு. தாசில்தார் ஆபீஸ் இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

5. சனிக்கிழமை

போர்டார் புறப்பட்டுப் போன பிறகு, ஐந்தரை மணிக்குக் கவரைக் கொடுத்தேன். ஐயா நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார்.

"இது எப்ப வந்து தாசன்?"

"மத்தியானத் தபால்ல ஐயா."

இன்னொரு தபால் உண்டா என்று அவர் யோசிக்கவில்லை. ஆபீஸ் விஷயங்களில் என்னை நம்புகிறவர். ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து காட்டி, 825 கூட்டியதைச் சொன்னேன். அதற்கு மட்டும் அழுதேன்.

"தெரிஞ்சு செஞ்சீரா?"

"இல்ல ஐயா."

"அப்ப விடும். மனுசன்தானே. இனி ஆக வேண்டியதப் பாப்போம்." என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். செய்த பிழையைக் கர்த்தர் மன்னிக்கட்டும் என்றார். எந்தப் பிழை என்று அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்து அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது சிரமமே இருப்பதில்லை.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகத் தந்தி அடித்தோம். ஐயாவும் நானும் மாதேவன் பிள்ளையும் பகவதியும் எட்டரைக்கே தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றோம். தாசில்தார் பத்தரை மணிக்கு வந்தார். ஓலையைப் படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, சாட்சி எழுதி, சீல் வைத்துக் கையெழுத்தாக மணி பதினொன்றேகால். காரில் பகவதி ஒருதரம், "அப்பா, வெயிலு உங்க பக்கம் அடிக்கு, இங்க மாறி இருங்க," என்றாள். போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஆகப் போகிறது.

அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஓலையை வாங்கிப் பார்த்தார். "நீங்கள் சொல்வது சரி. இந்தப் பெண்ணுக்கு வயது ஆகியிருக்கிறது. ஆனால் பன்னிரண்டரைக்கு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் அப்பாவோடு வந்து காத்திருந்தான். கையெழுத்தும் வாங்கியாயிற்று," என்றார். "நேற்றே வந்திருக்கலாமே?" என்றும் கேட்டார்.

"நேத்து சாயங்காலம்தான் விசயம் தெரியும் சாரே," என்றார் மாதேவன் பிள்ளை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நிச்சயம் இடம் உண்டு, நானே நின்று வாங்கித் தருகிறேன் என்று ஐயா திரும்பும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். பாதி வழியில் மாதேவன் பிள்ளை அவரைத் தடுத்தார்.

"டாக்டருக்குப் படிக்கப் போறான்னு சொல்லி ரெண்டு வருசமா வந்த சம்மந்தத்த எல்லாம் திருப்பி அனுப்பினேன் ஐயா. இனி என்னத்தச் சொல்லி நிறுத்த? மால போட்டுப் படம் புடிச்ச பொண்ணு, மறுநாளே திரும்பி வந்துட்டான்னு ஊருல சிரிப்பான். இன்னும் ஒரு வருசம் இவள வீட்டுல இருத்தி வச்சு அந்தச் சிரிப்பக் கேக்க என்னால ஆவாது."

பகவதி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

6. சர்டிபிகேட் வாங்க வந்த நாள்

ஆவணி மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குத் தக்கலையில் பாத்திரக் கடை. அதற்கு ஒரு வாரம் முன்னால் பகவதி தன் புத்தகத்தையும் சர்டிபிகேட்டையும் வாங்க ஆபீஸுக்குத் தனியாக வந்தாள். அவள் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தேன். மேலே மருத்துவக் கல்லூரிக் கடிதம் இருந்தது. எடுத்து உள்ளே சொருகுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"சார், ஐப்பசிக்கு எத்தன கூட்டணும்?"

"எண்ணூத்தி இருபத்து நாலு."

"அது செரி. தப்பு யாருக்கும் வரும். அப்பாட்டயும் அப்படித்தான் சொன்னேன்." கடிதத்தை ஒரு விரலால் தன் பக்கம் திருப்பினாள். "இது மத்தியானத் தபால்ல வந்துன்னு சொன்னீங்களாம்."

அவள் கையெழுத்துப் போட வேண்டிய ரிஜிஸ்தரைத் தேடி எடுத்தேன்.

"தபால்காரரு காலையில இங்க குடுத்துட்டு, மத்தியானம் எங்க ஊருக்கு வருவாரு சார். வேற தபாலு கிடையாது. அன்னைக்கு மத்தியானம் எனக்க அத்தைக்கு ஒரு கடுதாசி குடுத்திருக்காரு. அத்தைட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

வராந்தாவில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆறு வருஷம் கழித்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"நான் யார்ட்டயும் சொல்லல்ல. சொன்னா அப்பா உங்கள வெட்டிப் போடுவாரு. அப்புறம் அவரும் ஜெயிலுக்குப் போவாரு. எனக்கு என்ன கிடைக்கும்?" என்றாள். பிறகு, "ஏன் சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. லேபில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பயந்துட்டேன் பிள்ளே."

"யாருக்குப் பயந்தீங்க?"

ஐயாவுக்கு என்று வாய்வரை வந்தது. அவர் என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தவர். அவள் அப்பாவுக்கு என்று சொல்லலாம். அவர் என் கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தவர். போர்டாருக்கு என்றால், அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஒரு பெயரும் கிடைக்கவில்லை. அவள் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாறேன் சார்," என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை தக்கலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாத்திரக் கடை இருக்கும் தெருவின் முனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஐயாவிடமும் சொல்லவில்லை. அவர் காலமாகும் வரை "நம்ம தாசன் கை பட்ட ரிஜிஸ்தர்ல ஒரு பிழை காண முடியாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒன்று நீங்கலாக என்று அவர் ஒருநாளும் சேர்த்ததில்லை.

இளைஞர்களுக்கு ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆபீஸில் தப்பு வரும். பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள், அப்படியும் வரும். வந்தால் அந்த நிமிஷமே எழுந்து போய்ச் சொல்லுங்கள். பந்தலாக இருந்தாலும் சரி, மேடையாக இருந்தாலும் சரி, மாலை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி. நான் சொல்லவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஒருவரும் என் சட்டையைப் பிடிக்கவில்லை. வேலை போகவில்லை, ஹெட் கிளார்க்காகவே ரிடையர் ஆனேன். கல்லூரியை மூடவில்லை. போர்டார் அந்தக் கல்லூரி நாளைப் பார்த்து மனம் நிறைந்துபோய், ஒரு கிராமத்துப் பெண்ணை டாக்டருக்குப் படிக்க அனுப்பிய கல்லூரி என்று எழுதி டிகிரி வகுப்பு கொடுத்தார்கள். எல்லோருக்கும் நல்லதாகவே முடிந்தது. அவளுக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை.